ரக்மேனின் முழங்கால்: நடக்க முடிகிறதே என்று விட்டுவிடாதீர்கள்

மெல்பர்னில் குளிர்காலத்துத் திங்கட்கிழமைகளில் என் பிசியோதெரபி அறை முழுக்கச் சேற்று வாடை அடிக்கும். சனி, ஞாயிறு ஆடிய ஆட்டங்களின் கணக்கு அன்றுதான் வந்து சேரும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்தான் பதினாறு வயதுப் பையன் ஒருவன். உயரம் 194 சென்டிமீட்டர். நிலைப்படி இடிக்காது என்றாலும் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே வந்தான். நொண்டவில்லை.

"வீக்கம் பெரிதாக இல்லை, நன்றாக நடக்கிறான். வரும் சனிக்கிழமை ஆடலாம்தானே?" என்றார் கூட வந்த அப்பா.

பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களை ஊன்றச் சொன்னேன். நான் தொடக்கூட இல்லை. அப்பாவைக் கட்டில் மட்டத்துக்குக் குந்திப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னேன். இடது காலில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேடு தட்டி நின்றது. வலது காலில் அந்த மேட்டைக் காணோம். கீழ்க்கால் எலும்பு அரை விரற்கடை பின்னுக்குத் தொய்ந்து கிடந்தது. அதன் முன்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கன்றல். பிசிஎல் என்னும் பின்சிலுவைத் தசைநார் அறுபட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் கிடைப்பது அரிது. பிறகு எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனும் அதையே சொன்னது.

பையன் அவனுடைய அணியின் ரக்மேன். ஆஸ்திரேலியக் கால்பந்தில் நடுவர் பந்தை மேலே அனுப்பியதும் இரு அணிகளிலிருந்தும் ஆளுக்கொரு நெட்டையன் எதிரெதிரே எம்பி, தன் பக்கத்துக் குள்ளர்களுக்குப் பந்தைத் தட்டிவிடுவான். அவன்தான் ரக்மேன். எம்பும்போது முன்கால் முழங்கால் மடங்கி மேலே வரும். எதிராளியின் முழங்காலும் அப்படியே வரும். இரண்டும் மோதினால், மடங்கிய காலின் கீழெலும்பு பின்னோக்கித் தள்ளப்படும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய தசைநார்தான் பிசிஎல்.

முன்பெல்லாம் ரக்மேன்கள் 50 மீட்டர் நடுச்சதுரத்துக்குள் தொலைவிலிருந்தே ஓடிவந்து மோதினார்கள். இந்தக் காயம் பெருகியதால், 10 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து, அதற்குள்ளிருந்துதான் எம்ப வேண்டும் என்று இந்த ஆட்டத்தின் தலைமை லீக்கான ஏஎஃப்எல் 2005-இல் விதி கொண்டுவந்தது. காயங்கள் குறைந்தன. சுண்ணாம்புக் கோடு ஒன்று என்னைப் போன்றவர்களின் வேலையைக் குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் மோதல் அடியோடு நிற்கவில்லை.

இந்தக் காயம் ஆளை ஏமாற்றும். முழங்காலின் முன்சிலுவைத் தசைநாரான ஏசிஎல் அறுந்தால் பெரும்பாலும் 'டப்' என்ற சத்தம் கேட்கும், சில மணி நேரத்தில் முழங்கால் பூசணிக்காயாகும், ஆட்டக்காரன் தானே வெளியேறிவிடுவான். பிசிஎல் அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. முழங்காலின் பின்பக்கம் மந்தமான வலி, படி இறங்கும்போது ஒரு நம்பிக்கையின்மை, அவ்வளவுதான். பலர் அதோடு ஆடிக்கொண்டே இருப்பார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து மடக்கிய முழங்கால் தரையில் குத்தும்படி விழுந்தவர்களுக்கும் இதே காயம்தான் வரும். 'சும்மா சிராய்ப்பு' என்று அவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

தனியாக பிசிஎல் மட்டும் அறுந்திருந்தால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். பையனுக்குக் காலுறை போன்ற பிரேஸ் ஒன்று போட்டோம். படுக்கும்போது கெண்டைக்காலின் மேற்பகுதிக்குக் கீழே சிறு தலையணை. தொடையின் முன்தசைக்கு நிறையப் பயிற்சி. பின்தசைக்கு முதல் சில வாரங்கள் எதுவும் கிடையாது, ஏனென்றால் அது எலும்பை இன்னும் பின்னால் இழுக்கும். இது தெரியாமல் ஜிம்முக்குப் போய் பின்தசை எந்திரத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கோ அவசரம். திறமை தேடுபவர்கள் பார்க்க வரும் பருவம் அது. ரக்மேன் விஷயத்தில் இந்த அவசரம் எனக்குப் புரிவதே இல்லை. ஆட்டத்திலேயே மெதுவாகப் பழுக்கும் இடம் அது. மெல்பர்ன் அணியின் மேக்ஸ் கான், 208 சென்டிமீட்டர், 2009-இல் தேர்வானார். முதல் ஆட்டம் 2011-இல். நடுவே முழங்கால் அறுவை சிகிச்சை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட கௌரவ அணியான ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதன்முதலாக இடம் கிடைத்தது 2016-இல். 2021-இல் அணியின் 57 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த கோப்பையைத் தலைவராகத் தூக்கினார்.

உடல் ஒத்துழைக்காத கதையும் உண்டு. வெஸ்ட் கோஸ்ட் அணியின் நிக் நைட்டனூயிக்கு 2016-இல் ஒரு முழங்காலிலும் 2018-இல் மறு முழங்காலிலும் ஏசிஎல் அறுந்தது. அந்த 2018-இல் அவருடைய அணி இறுதிப்போட்டியை வென்றபோது அவரால் ஆட முடியவில்லை. கடைசியில் 2023-இல் குதிகால் நாண் அவரை ஓய்வுபெற வைத்தது. அவரைப் போல எம்பியவர்கள் குறைவு. அந்த எம்பலுக்கு உடல் கேட்ட விலையும் கொஞ்சமல்ல.

தலையில் படும் அடி தனிக்கட்டுரைக்கான விஷயம். ஜீலாங் அணியின் புகழ்பெற்ற ரக்மேன் பாலி ஃபார்மர் 2019-இல் இறந்த பிறகு அவர் மூளையில் தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது உறுதியானது. ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ஒருவருக்கு அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

பையன் அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தான். கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது கட்டிலில் படுத்து, யாரும் சொல்லாமலே முழங்கால்களை மடக்கினான். நான் திரும்புவதற்குள் அப்பா கட்டில் மட்டத்துக்குக் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.