நான்கு அறைகளும் சரி, ரத்தக் குழாய்கள்?

கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்தையொட்டி எடுக்கும் ஸ்கேன் அறிக்கையில் "இதயத்தின் நான்கு அறைகளும் இயல்பாக உள்ளன" என்றொரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்து நிம்மதியடைந்த பெற்றோர், பிறந்து ஒரு நாள்கூட நிறையாத குழந்தை உதடும் நகமும் நீலம் பாரித்துக் கிடக்க, பதறிக்கொண்டு வந்து நிற்பதைக் குழந்தைகள் இதய மருத்துவராக நான் பலமுறை கண்டிருக்கிறேன். அறிக்கையில் பிழை இல்லை. அறைகள் நான்கும் சரியாகத்தான் இருந்தன. அவற்றிலிருந்து புறப்படும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஏறத்தாழ 100 குழந்தைகளில் ஒன்று ஏதேனும் ஓர் இதயக் குறைபாட்டுடன் பிறக்கிறது. அவற்றில் பல சிறியவை. கீழறைகளுக்கு நடுவிலுள்ள சிறு துளைகள் பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். பெருங்குழாய்கள் இடம் மாறி அமைவது அப்படிப்பட்டதன்று. இயல்பான இதயத்தில் இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனியும் வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனியும் கிளம்பி, ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும். குழாய்கள் இடம் மாறிய இதயத்தில் இவ்விரண்டும் கீழறை மாறிக் கிளம்பி, இணையாக ஓடுகின்றன. உடலுக்குச் சென்ற ரத்தம் நுரையீரலைத் தொடாமலே மீண்டும் உடலுக்குப் போகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமோ நுரையீரலையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. கருவறையில் நஞ்சுக்கொடி ஆக்சிஜனைக் கொடுத்துவிடுவதால் குழந்தைக்கு ஒரு குறையும் தெரியாது. பிறந்த பிறகு, மேலறைகளுக்கு இடையிலுள்ள துளையும், இரு பெருங்குழாய்களையும் இணைக்கும் டக்டஸ் என்ற சிறு குழாயும் திறந்திருக்கும் வரைதான் இரு ரத்தமும் கலக்கும். அந்தக் குழாயோ முதல் ஓரிரு நாட்களிலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.

ஸ்கேன் திரையில் இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது மிகச் சிறிய அசைவு. நான்கு அறைகள் தெரியும் இடத்திலிருந்து கருவியைக் குழந்தையின் தலைப்பக்கமாகச் சற்றே சாய்த்தால் குழாய்கள் தெரியவரும். குறுக்கே கடக்க வேண்டியவை இரட்டைக்குழல் துப்பாக்கி போல அருகருகே நீண்டு கிடக்கும்.

அப்படி 21-ஆவது வாரத்தில் கண்டறியப்பட்டு என்னிடம் வந்த ஒரு தாய் கேட்ட முதல் கேள்வி, "நான் எதையாவது சாப்பிட்டதாலயா டாக்டர்?" என்பதுதான். ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் இதைக் கேட்கிறார்கள். இதயம் 8-ஆவது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே உள்ள சர்க்கரை நோய், சில மருந்துகள், குடும்பத்தில் ஏற்கெனவே உள்ள இதயக் குறைபாடு ஆகியவை ஆபத்தைக் கூட்டும் என்றாலும், இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலானோர் இவற்றில் எதுவுமே இல்லாத தாய்மார்களுக்குத்தான் பிறக்கிறார்கள். ஆகவே ஆபத்து உள்ளவர்களை மட்டும் கவனமாகப் பார்த்தால் போதாது.

அந்தத் தாய்க்கு நாங்கள் செய்தது பிரசவ இடத்தை மாற்றியதுதான். குழந்தை இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில், நாள் நிறைந்தபின், சுகப்பிரசவமாகவே குழந்தை பிறந்தது. இதயக் குறைபாடு ஒன்றுக்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. பிறந்த சிறிது நேரத்தில், டக்டஸ் மூடாமலிருக்கப் புராஸ்டாகிளாண்டின் மருந்து சொட்டு சொட்டாக ஏற்றப்பட்டது. அப்படியும் ஆக்சிஜன் அளவு போதாததால், தொப்புள் சிரை வழியாகப் பலூன் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைத் துளையை இழுத்துப் பெரிதாக்கினோம். சில நிமிடங்களில் அந்தச் சிறிய காதுமடல்கள் சாம்பல் நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாகின.

நிரந்தரத் தீர்வு, பெருங்குழாய்களை வெட்டி உரிய இடத்தில் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை. பிரேசிலில் இதய அறுவை மருத்துவர் அதீப் ஜதேனே இதை 1975-இல் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டினார். இதயத் தசைக்கே ரத்தம் தரும், ஓரிரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள தமனிகளையும் பெயர்த்து நட வேண்டியிருப்பதுதான் இதில் கடினமான பகுதி. இதை வழக்கமாக முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் முடித்துவிடுகிறோம். "கொஞ்சம் எடை ஏறட்டுமே" என்று பெரியவர்கள் கேட்பது இயல்பு. ஆனால் குறைந்த அழுத்தமுள்ள நுரையீரலுக்கு மட்டுமே ரத்தம் தள்ளும் இடது கீழறை நாளாக ஆக வலுவிழந்து, பின்னர் உடல் முழுவதன் சுமையைத் தாங்க முடியாததாகிவிடும். அனுபவம் மிக்க மையங்களில் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் தொடர் பரிசோதனை மட்டும் அவசியம்.

ஆகவே 18 முதல் 22 வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்கும்போது, "இரண்டு பெருங்குழாய்களும் குறுக்கே கடப்பது தெரிந்ததா?" என்று தயங்காமல் கேளுங்கள். குழந்தை புரண்டு படுத்திருந்ததால் தெரியவில்லை என்றால், ஓரிரு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் எழுந்தால் கருவின் இதயத்துக்கென்றே எக்கோ பரிசோதனை உண்டு. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சில குறைபாடுகள், குறிப்பாக மகாதமனி குறுகியிருப்பது, கருவில் பிடிபடாமல் போகலாம். எனவே பிறந்து 24 மணி நேரம் ஆனபின், வீட்டுக்கு அனுப்பும் முன், குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வலியில்லாத, சில நிமிடங்களே எடுக்கும் சோதனை அது; ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் குறைவாகத் திரும்பத் திரும்ப வந்தால், காரணம் தெரியும் வரை குழந்தையை மருத்துவமனையிலிருந்து அழைத்துச் செல்லாதீர்கள்.