0845 எண்ணுக்கு மட்டும் ஏன் தனிக் கட்டணம்?

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் கைப்பேசித் திட்டத்தில் அளவில்லாமல் பேசலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் 0845 எண்ணுக்குப் பேசியதற்கு மட்டும் பில்லில் தனியாகப் பணம் பிடித்திருக்கிறார்கள். அதுவும் உள்நாட்டு எண்தானே?” உள்நாட்டு எண்தான். ஆனால் அது எந்த ஊருக்கும் உரிய எண் அல்ல. கட்டண வேறுபாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிரிட்டனில் 01, 02 என்று தொடங்கும் எண்களில் ஊர் அடங்கியிருக்கிறது. 020 லண்டன், 0121 பர்மிங்ஹாம். 07 என்று தொடங்குபவை பெரும்பாலும் கைப்பேசிகள். 03, 080, 084, 087, 09 என்று தொடங்குபவற்றில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. அவற்றை அழைத்தால் எந்த மேசையில் மணி அடிக்க வேண்டும் என்பது, அழைப்பு வந்து சேரும் அந்த நொடியில்தான் முடிவாகிறது.

அது முடிவாகும் விதத்தைத் தொலைத்தொடர்புப் பொறியியலின் மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். உங்கள் கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பகம் முதல் சில இலக்கங்களைப் பார்த்து, அந்த எண் தொகுதி எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று அறிந்து, அழைப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. அங்குள்ள இணைப்பகம் அழைப்பை உடனே இணைத்துவிடாமல் சற்றே நிறுத்திவைத்துக்கொண்டு, ஒரு தரவுத்தளத்துக்குக் கேள்வி அனுப்புகிறது. அந்தக் கேள்வி குரல் செல்லும் பாதையில் போவதில்லை; அதற்கென்று தனியாக உள்ள சமிக்ஞை வலையில் போகிறது. அழைக்கப்பட்ட எண்ணோடு அழைப்பவரின் எண்ணும் கேள்வியில் இருக்கலாம். தரவுத்தளம் நேரத்தையும் கிழமையையும், வேண்டுமானால் அழைப்பு எந்த வட்டாரத்திலிருந்து வருகிறது என்பதையும், அழைக்கப்படும் நிறுவனம் எழுதிவைத்திருக்கும் விதிகளோடு பொருத்திப் பார்க்கிறது. காலை முதல் மாலை வரை கிளாஸ்கோ அலுவலகம், அதன் பிறகு கார்டிஃப், ஞாயிற்றுக்கிழமை என்றால் பதிவு செய்த அறிவிப்பு என்று விதி இருந்தால், அதற்கேற்ற உண்மையான எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. இணைப்பகம் அந்த எண்ணுக்கு அழைப்பைத் தொடுக்கிறது. இத்தனையும் நடந்ததன் தடயம்கூட நமக்குக் கேட்பதில்லை. நிறுவனம் நாளையே வேறு ஊருக்கு இடம்பெயர்ந்தாலும், விளம்பரப் பலகையில் உள்ள எண் அப்படியே இருக்கும். தரவுத்தளத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1967-இல், அழைப்பவருக்கு இலவசமான 800 எண்களை அறிமுகப்படுத்தியபோது இந்த வசதி இல்லை. தரவுத்தளத்தைக் கேட்டு அழைப்பை நகர்த்தும் முறைக்கு அந்நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராய் வெபர் 1980-இல் காப்புரிமை பெற்றார். எண்ணை இடத்திலிருந்து பிரித்தெடுத்தது அந்த யோசனைதான்.

இடம் இல்லாத எண்ணுக்குத் தூரத்தை வைத்து விலை போட முடியாது. ஆகவே விலை முதல் இலக்கங்களோடு சேர்ந்துவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கொண்டுவந்த விதிப்படி, 2015 ஜூலை 1 முதல் 084, 087, 09 எண்களுக்கான கட்டணம் இரண்டாகப் பிரித்துச் சொல்லப்படுகிறது. உங்கள் தொலைபேசி நிறுவனம் தனக்கென எடுத்துக்கொள்வது அணுகல் கட்டணம். அழைக்கப்படும் தரப்புக்குப் போய்ச் சேருவது சேவைக் கட்டணம். சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: 084 எண்களுக்கு நிமிடத்துக்கு 7 பென்ஸ், 087 எண்களுக்கு 13 பென்ஸ், 09 எண்களுக்கு நிமிடத்துக்கு 3.60 பவுண்ட் வரை. அணுகல் கட்டணம் எவ்வளவு என்பதை அந்தந்தத் தொலைபேசி நிறுவனமே முடிவு செய்கிறது. கைப்பேசிகளில் அது பல இடங்களில் நிமிடத்துக்கு 50 பென்ஸுக்கு மேல் இருக்கிறது.

வாசகரின் அணுகல் கட்டணம் நிமிடத்துக்கு 55 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 0845 எண்ணுக்குப் பத்து நிமிடம் பேசினால், 7 பென்ஸ் சேவைக் கட்டணத்தோடு சேர்த்து 6.20 பவுண்ட் ஆகும். அதில் மறுதரப்புக்குப் போவது 70 பென்ஸ்தான். மீதி 5.50 பவுண்ட் அவருடைய சொந்தக் கைப்பேசி நிறுவனத்துக்கே போகிறது. எல்லோரும் அழைக்கப்பட்ட நிறுவனத்தைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பங்கை எடுத்துக்கொள்வது யார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் இசை கேட்டபடி காத்திருந்ததாகவே இருக்கலாம். மறுமுனை அழைப்பை எடுத்துவிட்டது என்ற சமிக்ஞை வந்ததும் கட்டணம் ஓடத் தொடங்கிவிடும். வரிசையில் நிற்கவைக்கும் இயந்திரம் எடுத்தாலும் எடுத்ததாகவே கணக்கு.

0800 எண்களில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது: அழைக்கப்படும் நிறுவனம் உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. கைப்பேசியிலிருந்தும் இவை இலவசமானது அதே 2015 ஜூலையில்தான். 2007-இல் வந்த 03 எண்களுக்கோ, 01, 02 எண்களுக்கு ஆகும் கட்டணம்தான். இலவச நிமிடங்களிலும் அவை சேரும். அதில் வரும் வருமானத்தை அழைக்கப்படும் நிறுவனத்தோடு பங்கிட்டுக்கொள்ளக் கூடாது.

நம்மவர்களில் எத்தனையோ பேர் கூட்டுத்தொகை ஒன்பது வரவேண்டும், எட்டு வரக்கூடாது என்று எண் கணிதம் பார்த்துக் கூடுதல் பணம் கொடுத்து எண் வாங்குகிறார்கள். கடைசி இலக்கங்களுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. பணத்தை உண்மையாகவே கூட்டிக் குறைக்கும் முதல் மூன்று இலக்கங்களைப் பார்க்கும் பழக்கம் வந்தால் நான் மிகவும் மகிழ்வேன். இந்தியாவிலும் 1800 இலவசம், 1860 அப்படியல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வாசகர் செய்யக்கூடியவை இரண்டு. 034, 037 தொகுதிகள் பழைய 084, 087 எண்களுக்கு மாற்றாகவே ஒதுக்கப்பட்டவை என்பதால், அந்த நிறுவனத்துக்கு 0845-க்குப் பதிலாக அதே இலக்கங்களோடு 0345 எண் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்க்கலாம். மற்றொன்று, அவர் பேசியது ஏற்கெனவே வாங்கிய பொருளைப் பற்றியா என்று யோசிக்க வேண்டும். 2014 ஜூன் 13 முதல் நடப்பிலுள்ள நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, வாங்கியது குறித்துப் பேசுவதற்கான எண்ணுக்குச் சாதாரணக் கட்டணத்தைவிட அதிகமாக ஆகக் கூடாது. சில துறைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, கூடுதலாகக் கொடுத்த தொகையை விற்றவரிடமே திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. பில்லில் அந்த அழைப்பு உள்ள பக்கத்தை இணைத்து எழுதிக் கேட்கலாம்.