பருப்பை நிறுத்தாதீர்கள்

நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்) என்னிடம் சிகிச்சை பெறும் பெரியவர் ஒருவர், போன மாதம் வந்தபோது நாலு கிலோ இளைத்திருந்தார். காரணத்தை அவர் மனைவிதான் சொன்னார்: "மூளையில புரதம் சேர்றதாலதான் இந்த நோயாம் டாக்டர். போன்ல பார்த்துட்டு பருப்பு, முட்டை, தயிர் எல்லாத்தையும் விட்டுட்டார்."

இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். தட்டில் இருக்கும் புரதம் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. குடலிலேயே உடைந்து அமினோ அமிலங்களாகிவிடும். மூளையில் சேர்வது ஆல்ஃபா சைனூக்ளின். அதை நரம்பு செல்லே தயாரிக்கிறது. 140 அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சரம்.

அது கெட்ட புரதமும் இல்லை. ஹீமோகுளோபின் மாதிரியான புரதங்கள் குறிப்பிட்ட வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சைனூக்ளின் தனியாக இருக்கும்போது அதற்கு நிலையான வடிவமே கிடையாது, நெளிந்துகொண்டே இருக்கும். அவரைக்கொடியை நினைத்துப் பாருங்கள். சும்மா கிடக்கையில் எப்படி வேண்டுமானாலும் வளையும், கொழுகொம்பு கிடைத்ததும் சுருண்டு பற்றும். டோபமின் போன்ற வேதிப்பொருள்களை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகள் நரம்பு முனையில் இருக்கின்றன. அவற்றின் கொழுப்புச் சவ்வைத் தொட்டதும் சைனூக்ளினின் பெரும்பகுதி சுருளாகி அதன்மேல் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வால் பகுதி மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருக்கும். இந்த நெகிழ்வை வைத்துத்தான் அது பிழைப்பு நடத்துகிறது. நம் உடம்பின் எத்தனையோ புரதங்களில் இப்படி மடியாத பகுதிகள் உண்டு. புற்றுநோயைத் தடுக்கும் பி53இலும் உண்டு.

கொம்பைப் பற்ற வேண்டிய கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போதுதான் சிக்கல். பிரியாத இழைகளாகி, செல்லுக்குள் லூயி திரள்கள் எனப்படும் கட்டிகளாகச் சேர்கின்றன. 1997இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் கண்டறிந்த மரபணுப் பிழையில் 53ஆம் அமினோ அமிலம் ஒன்றுதான் மாறியிருந்தது. 2003இல் தெரியவந்த இன்னொரு குடும்பத்தில் புரதத்தில் பிழையே இல்லை. மரபணுவின் பிரதிகள் கூடியதால் அளவுதான் அதிகம். அவர்களுக்கும் நோய் வந்தது. அளவு மிஞ்சினாலே பின்னிக்கொள்ளும் என்பது எனக்கு இன்றும் உறைக்கும் செய்தி.

சரி, சாப்பாட்டுப் புரதத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லையா? மாத்திரை விஷயத்தில் மட்டும் உண்டு. இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் அதே வழியில்தான் சில அமினோ அமிலங்களும் போகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் முட்டிமோதினால் மருந்து பின்தங்கும். அதனால் நேரத்தைப் பிரித்தால் போதும்.

அவருக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்கு இட்லி, சாம்பார்.

"முட்டை?" என்றார்.

"மதியம் சாப்பிடுங்க ஐயா. மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சு."