பழ ரொட்டியும் பன்னிரண்டு நாள் இருமலும்

தின்றது மூச்சுக்குழாயில் சிக்கி என்னிடம் வந்ததில், கிறிஸ்மஸ் முடிந்து பொங்கல் வருவதற்குள் இது மூன்றாவது குழந்தை. மூன்று வீடுகளும் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில். மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டு வயது நிரம்பவில்லை. வீட்டார் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "ரொட்டிதானே டாக்டர் குடுத்தோம்!" நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக, அதுவும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

கடைசியாக வந்த பையனுக்கு ஒரு வயது எட்டு மாதம். அப்பா கல்ஃபில். அங்கிருந்து பாதாமும் பேரீச்சையும் கொடுத்தனுப்பியிருந்தார். பாட்டி அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பல வருடம் முந்திரி உரித்தவர், வீட்டில் உடைசல் பருப்புக்குப் பஞ்சமில்லை. புதிதாக ஓவன் வாங்கியிருந்தார்கள். கேக் எல்லோர் வீட்டிலும் இருக்கும், நாம் பழ ரொட்டி சுடலாம் என்று அம்மா மைதாவில் ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, பருப்பு, உலர் திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் சேர்த்துச் சுட்டிருக்கிறார். மெத்தென்று நன்றாகவே வந்திருக்கிறது.

பண்டிகைக்கு மறுநாள் சாயங்காலம், பாட்டி இடுப்பில் இருந்த பையன் கையில் ஒரு துண்டு ரொட்டி. முற்றத்தில் ஓடிய பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தவனுக்குச் சட்டென்று புரை ஏறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, உதடு ஒரு நொடி கறுத்திருக்கிறது. உச்சந்தலையில் தட்டினார்கள், ஊதினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் இருமல் நின்றது. "அப்பா நினைச்சிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். பிள்ளையும் இறங்கி விளையாடப் போய்விட்டான்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. அப்புறம் ராத்திரியில் இருமல். அப்புறம் காய்ச்சல், மூச்சு இழுப்பு. ஓரிடத்தில் சளி என்று சிரப் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் நெபுலைசர் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். மருந்து கொடுக்கும்போது குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். பன்னிரண்டாம் நாள் என்னிடம் வந்தபோது வலது நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் காற்று போகிற சத்தம் இடது பக்கத்தில் கேட்பதில் பாதிகூட இல்லை. "கொஞ்ச நாளைக்கு முன்னாடி எதையாவது தின்னும்போது பொரை ஏறிச்சா?" என்று கேட்டேன். அம்மா இல்லை என்று தலையாட்டினார். பின்னால் நின்ற பாட்டிதான், "அது அன்னைக்கே செரியாச்சே மக்களே" என்றார்.

சரியாகவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் புரை ஏறுதல் என்று சொல்வதன் பொருளே, சாப்பாட்டுக் குழாயில் போக வேண்டியது மூச்சுக்குழாய் வாசலுக்குப் போய்விட்டது என்பதுதான். பெரும்பாலும் இருமலே அதை வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாமல் போனால் அந்தத் துண்டு உள்ளே இறங்கும். வாசலில் இருக்கும்போதுதான் அந்த ஆவேசமான இருமல். கீழே ஒரு கிளைக்குழாயில் போய் உட்கார்ந்துவிட்டால் இருமல் அடங்கிவிடும், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் அதற்குப் பழகிவிடுகிறது. இன்னொரு நுரையீரல் முழுதாக வேலை செய்வதால் பிள்ளை ஓடுவான், சிரிப்பான், பால் குடிப்பான். இந்த அமைதி சில மணி நேரமும் இருக்கலாம், சில வாரமும் இருக்கலாம். மருத்துவப் படிப்பில் இதை ஒரு தனிக் கட்டமாகவே சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வில் சரியாக எழுதிவிடுகிறோம், கூட்டம் நிறைந்த புறநோயாளி அறையில் கேட்க மறந்துவிடுகிறோம். இதை என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்கு முதல் முறையாக இழுப்பு, அதிலும் ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

உச்சந்தலையில் தட்டுவதால் ஒரு பயனும் இல்லை. தலைக்கும் அந்தத் துண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. தண்ணீர் கொடுத்தால் இறங்கிவிடும் என்பார்கள். தண்ணீர் போவது வேறு குழாய். மீன் முள்ளுக்குச் சோற்று உருண்டை விழுங்கச் சொல்வது போல இங்கே வாழைப்பழம் ஊட்டிய வீடும் உண்டு. மூச்சுத் திணறும் பிள்ளை வாயில் இன்னும் ஒன்றைத் திணித்தால் அதுவும் உள்ளே போகும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வது அன்பான வார்த்தைதான், பெரியவர்களுக்குப் புரை ஏறும்போது நானும் சொல்வேன். கையில் ரொட்டியோ கடலையோ வைத்திருந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் அதைச் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த எக்ஸ்ரே. நாணயம், ஊக்கு, பட்டன் பேட்டரி தெரியும். முந்திரி தெரியாது, கடலை தெரியாது, பாதாம் தெரியாது. சில நேரம் ஒரு பக்க நுரையீரல் காற்று அடைபட்டு உப்பியிருப்பது தெரியும், பல நேரம் அதுவும் இருக்காது. "படத்துல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே" என்று ஃபிலிமை என் மேசையில் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். படத்தில் இல்லை, பிள்ளையின் நெஞ்சில் இருக்கிறது. தின்னும்போது புரை ஏறியது, அதற்குப் பிறகு இருமல் என்ற கதை உறுதியாக இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் குழாய் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

அந்தக் குழாய் என்ன என்று பலருக்குப் பயம். பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்து, பிராங்கோஸ்கோப் என்னும் உலோகக் குழாயை வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்துவோம். மயக்க மருந்து கொடுப்பவரும் நானும் அந்த ஒரே வழியைத்தான் பங்கிட வேண்டும், அவர் காற்று கொடுக்கும் குழாய்க்குள்தான் என் இடுக்கியும் போகிறது. ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர் 1897-இல் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை இப்படி எடுத்துக் காட்டினார், அங்கிருந்து தொடங்கியது இந்த வித்தை. அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் தன் காலம் முழுக்க இப்படி வெளியே எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்தார். பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக அவை இன்றும் இருக்கின்றன. பருப்பை அப்படி வைத்துக் காப்பாற்ற முடியாது. பன்னிரண்டு நாள் ஈரத்தில் ஊறிய அரை முந்திரி இந்தப் பையனின் வலது கிளைக்குழாயை அடைத்துக்கொண்டு சாம்பல் வெள்ளையாக உப்பியிருந்தது. அதன் எண்ணெய் பட்டுச் சுற்றிலும் புண்ணாகிச் சிவந்து, தொட்டாலே ரத்தம் கசிந்தது. இடுக்கியால் பிடித்தவுடன் மாவு மாதிரி உதிர்ந்தது. மூன்று துண்டாக எடுத்தேன். முதல் நாளே வந்திருந்தால் கெட்டியாக ஒரே பிடியில் வந்திருக்கும். பையன் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். அதற்கு முன் வந்த ஒரு பிள்ளைக்கு நிமோனியா குணமாக மூன்று வாரம் ஆனது.

இனி அந்த ரொட்டி. "ரொட்டிக்குள்ள வெந்த பருப்பு பஞ்சு மாதிரி இருக்குமே" என்றார் பாட்டி. இல்லை. சுட்ட ரொட்டியிலிருந்து ஒரு முந்திரித் துண்டை நோண்டி எடுத்துக் கடித்துப் பாருங்கள், பாதாமைக் கடித்துப் பாருங்கள். கடிபடும். உண்மையில் வெறும் பருப்பைவிட ரொட்டிக்குள் இருக்கும் பருப்புதான் எனக்கு அதிக பயம். மெத்தென்ற பண்டத்தைப் பிள்ளை மெல்லாமல் உமிழ்நீரில் கரைத்து அப்படியே விழுங்கப் பழகியிருக்கிறது. அதற்கு நடுவே ஒரு கெட்டித் துண்டு ஒளிந்திருப்பது அதற்குத் தெரியாது. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக வர இரண்டரை வயதுக்கு மேலாகும், அவற்றை வைத்துச் சரியாக மெல்லப் பழக நான்கு வயதாகும். பிள்ளையின் சுண்டு விரலைப் பாருங்கள். மூச்சுக்குழாய் ஏறக்குறைய அந்தப் பருமன்தான். பக்கத்தில் ஓர் அரை முந்திரியை வைத்துப் பாருங்கள்.

பழ ரொட்டியே சுடாதீர்கள் என்று சொல்லவில்லை. நான்கு வயதுக்குக் கீழே வீட்டில் பிள்ளை இருந்தால் மாவை இரண்டாகப் பிரியுங்கள், அவ்வளவுதான். அரைக் கிலோ மைதாவில் பிசைந்தால் இரண்டு சின்ன ரொட்டி வரும். ஒன்றில் பெரியவர்களுக்கு இஷ்டப்படி பருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மற்றதில் முந்திரியையும் பாதாமையும் மிக்ஸியில் மாவாகப் பொடித்து, சல்லடையில் சலித்துச் சேர்க்கலாம். மேலே தங்கும் நொறுக்குகளை பெரியவர்கள் ரொட்டியில் போட்டுவிடுங்கள். பேரீச்சையைக் கொட்டை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்துவிடுங்கள், சேர்க்க வேண்டிய சர்க்கரையும் குறையும். கொட்டை நீக்கியது என்று வாங்கிய பாக்கெட்டிலும் கொட்டைத் துண்டு கிடக்கும், விரலால் தடவிப் பாருங்கள். திராட்சையை ஊறவைத்துப் பொடியாக நறுக்குங்கள். டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய்தான், மென்மைதான், ஆனாலும் நறுக்கிப் போடுவதில் என்ன கஷ்டம்? முழு செர்ரியைப் பிள்ளை ரொட்டிக்கு மேல் அலங்காரமாக வைக்காதீர்கள். எந்த ரொட்டி யாருக்கு என்று அடையாளம் தெரிய, பிள்ளை ரொட்டியின் மேல் கத்தியால் இரண்டு கீறல் போட்டுச் சுடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது உள்ளே பருப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

பருப்பே கொடுக்கக் கூடாது என்றும் புரிந்துகொள்ளாதீர்கள். நிலக்கடலையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே மசியலாகக் கொடுத்துப் பழக்கினால், ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கும் அது பெருமளவு குறைகிறது என்று 2015-இல் வெளிவந்த லண்டன் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே கடும் தோல் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருக்கும் குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ஆக, பருப்பில் குற்றமில்லை, துண்டில்தான் ஆபத்து. இன்னொன்று: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த ரொட்டி வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிச நோய்க் கிருமியின் வித்துகள் ஓவன் சூட்டில் சாகாது. எத்தனை டிகிரியில் சுட்டாலும் ரொட்டியின் உள்ளே 100 டிகிரியைத் தாண்டாது.

ஊட்டும்போது உட்கார வைத்து ஊட்டுங்கள். ஓடும் பிள்ளை பின்னால் தட்டை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வாயில் இருக்கும்போது சிரிக்க வைக்காதீர்கள், அழ அழத் திணிக்காதீர்கள், வண்டியில் பின்சீட்டில் தின்னக் கொடுக்காதீர்கள். அண்ணன் அக்காவின் தட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். தம்பிக்குப் பாசத்தில் ஊட்டிவிடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

புரை ஏறிவிட்டால்: பிள்ளை சத்தமாக இருமுகிறது, அழுகிறது என்றால் தொடாதீர்கள், இருமட்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். சத்தமே வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அடி. பிறகு மல்லாத்தி மார்பெலும்பின் மேல் ஐந்து அழுத்து. ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னால் சாய்த்து முதுகில் ஐந்து அடி, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி மேல்வாக்கில் ஐந்து அழுத்து. வெளியே வரும் வரை மாறி மாறி. நினைவு தப்பினால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்தத்துடன் சிபிஆர் முதலுதவி. இதை ஒருமுறையாவது யாரிடமாவது செய்முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். தயவுசெய்து பாட்டிமாருக்கும் கற்றுக்கொடுங்கள், பகல் முழுக்கப் பிள்ளை அவர்கள் கையில்தான்.

வெளியே வந்துவிட்டாலும், தானாக அடங்கிவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நாகர்கோவிலா திருவனந்தபுரமா என்று வீட்டில் கூடி விவாதித்து ராத்திரியைக் கழிக்காதீர்கள். பிராங்கோஸ்கோபி செய்யும் இடம் எது என்று போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், எல்லைக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. வழியில் பாலோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். உள்ளே வந்ததும் இருமல், சளி என்று தொடங்காதீர்கள். "ரொட்டி தின்னுட்டு இருந்தப்ப பொரை ஏறிச்சு, அதுக்கப்புறம்தான் இது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கேட்பவர் கவனிக்கவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள். மீதி ரொட்டியை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். உள்ளே என்ன பருப்பு, எவ்வளவு பெரிய துண்டு என்று தெரிந்தால் எந்த இடுக்கியை எடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியும்.