மேலே உயிர், கீழே கல்: பவளப்பாறை வளரும் விதம்

ஒரு பெரிய பவளத்தை இரண்டாக அறுத்துப் பார்த்தால், அதில் உயிர் இருப்பது மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் அளவுக்குத்தான். மற்றதெல்லாம் சுண்ணாம்புக் கல். ஆனால் அந்த மெல்லிய உயிர்ப்படலம்தான் அத்தனை கல்லையும் கட்டியது.

படலம் முழுவதும் பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள். ஜெல்லிமீனுக்கும் கடற்சாமந்திக்கும் உறவு. ஒரே வாய், உணவு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். கடலில் மிதந்து வரும் ஒரு குஞ்சு ஏதாவது கெட்டியான இடத்தில் ஒட்டிக்கொண்டு பாலிப்பாக மாறும். அப்புறம் அது தன்னைத்தானே பிரித்துப் பிரித்து ஆயிரக்கணக்கில் பெருகும்.

கல் எப்படி உருவாகிறது? பாலிப்பின் அடிப்பகுதிக்கும் பழைய கல்லுக்கும் நடுவே மிக மெல்லிய நீரடுக்கு ஒன்று உண்டு. பாலிப்பின் செல்கள் அதற்குள் கால்சியத்தைச் செலுத்தி, ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றுகின்றன. அந்த நீரின் அமிலத்தன்மை குறைய, கால்சியம் கார்பனேட் படிகமாகிப் படிகிறது. தரை உயர உயர, பாலிப்பும் மேலே நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த வேலைக்கு நிறைய ஆற்றல் வேண்டும். பவளம் வளரும் தெளிந்த வெப்பக்கடலிலோ சத்து குறைவு. இந்த இடத்தில் கைகொடுப்பவை பாலிப்பின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிகள். ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் பாசிகள்கூட இருக்கலாம். பாலிப்பின் கழிவுதான் அவற்றுக்கு உரம். ஒளிச்சேர்க்கையில் அவை செய்யும் சர்க்கரையில் பெரும்பங்கு பாலிப்புக்கு வந்துவிடுகிறது. பாறை கட்டும் பவளங்கள் வெளிச்சம் எட்டும் ஆழத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

கட்டுவது ஒரு பக்கம் என்றால், உடைப்பது மறுபக்கம். கிளிமீன்கள் பாசியைச் சுரண்டும்போது கல்லையும் கடித்து விழுங்கி, வெள்ளை மணலாகக் கழிக்கின்றன. கடற்பஞ்சுகள் கல்லைத் துளைக்கின்றன. அலைகள் கிளைகளை முறிக்கின்றன. இந்த மணலும் துண்டுகளும் இடுக்குகளை நிரப்ப, சுண்ணாம்பு படியும் சிவப்புப்பாசிகள் மேலே படர்ந்து எல்லாவற்றையும் சிமெண்ட் போல இறுக்குகின்றன. என்னைக் கேட்டால், பவளத்துக்குக் கிடைக்கும் புகழில் பாதி இந்தப் பாசிகளுக்குச் சேர வேண்டும். கிளைப்பவளம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்கூட வளரும். தேய்மானம் போக பாறை மொத்தமாக உயர்வது சில மில்லிமீட்டர்தான்.

அந்தச் சில மில்லிமீட்டர் போதும். எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதைச் சுற்றியிருக்கும் பவளம் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் வளையம் மட்டும் மிஞ்சும் என்று 1842-இல் டார்வின் எழுதினார். 1952-இல் பசிபிக் பெருங்கடலின் எனிவெடாக் வளையத்தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் அதிகமான சுண்ணாம்புக் கல்லைத் தாண்டித்தான் எரிமலைப்பாறை தட்டுப்பட்டது. அவ்வளவு ஆழத்து இருட்டில் அந்தப் பவளங்கள் வளர்ந்திருக்கவே முடியாது; டார்வின் சொன்னபடி, வெளிச்சத்தில் வளர்ந்து தீவோடு சேர்ந்து அமிழ்ந்தவைதான் அவை.

வழக்கமான கோடை உச்சத்தைவிடக் கடல் வெறும் 1 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகி, அது சில வாரங்கள் நீடித்தால் இந்தக் கணக்கு குலைகிறது. வெப்பத்தில் பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி, நச்சான ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பாலிப் தன் பாசிகளை இழக்கிறது. நிறமற்ற உடலின் வழியே வெள்ளைக் கல் தெரியும். இதைத்தான் வெளிறுதல் என்கிறார்கள். அப்போதும் பவளம் உயிரோடுதான் இருக்கும், சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைத்துவிடும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். கட்டுவது நின்றுபோகும், கடற்பஞ்சும் அலையும் தம் வேலையை நிறுத்துவதில்லை. வேகமாக வளரும் பவளங்கள்கூடத் தேறிவர ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 என அடுத்தடுத்துப் பெருமளவில் வெளிறியிருக்கிறது.