கணினி அறிவியலில் முனைவர் பட்டம்: யுஜிசி விதி உண்மையில் சொல்வது என்ன?

கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பத் துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர்களிடம் பேசும்போது, "இரண்டு ஸ்கோபஸ் கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, அது யுஜிசி விதி" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம்; யுஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் அப்படியொரு விதி இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறை வல்லுநர்கள் மதிப்பிட்டு ஏற்கும் இதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், கருத்தரங்குகளில் இரண்டு முறை கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறியிருந்தன. 2022 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டு இப்போது நடைமுறையில் உள்ள விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது.

ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த ஒழுங்குவிதியில் கட்டுரை வெளியீட்டைக் கேட்கலாம். பல பல்கலைக்கழகங்கள் கேட்கவும் செய்கின்றன. ஆகவே, "ஏழே நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன், எந்த வகைக் கட்டுரை ஏற்கப்படும், மாநாட்டுக் கட்டுரை கணக்கில் வருமா என்பதைத் தங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகத்தில் நேரடியாகப் படித்துப் பார்க்க வேண்டும். புதிய கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் மாநாடுகளில் முதலில் வெளிவரும் இந்தத் துறையில், அந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டவர்கள் ஓராண்டு உழைப்பைத் திருப்பிச் செய்ய நேரிடுகிறது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது காலக்கெடு. பாடநெறிக் காலத்தையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள் என்பது விதி. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை கிடைக்கலாம், ஆனால் மொத்தம் 8 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் தளர்வு தரலாம் என்பதால் அவர்களுக்கான உச்சவரம்பு 10 ஆண்டுகள். 2023 ஆகஸ்ட் 1 அன்று சேர்ந்த ஒரு பெண் ஆய்வாளரை எடுத்துக்கொண்டால், 2026 ஆகஸ்டுக்கு முன் அவர் ஆய்வை நிறைவு செய்ய இயலாது. இயல்பான காலம் 2029 ஆகஸ்டில் முடிகிறது. மறுபதிவு, தளர்வு இரண்டும் கிடைத்தால் 2033 ஆகஸ்ட் வரை அவகாசம் உண்டு. இந்தக் கணக்கு சேர்க்கை நாளிலிருந்து தொடங்குகிறது, ஆய்வுத் தலைப்பு உறுதியான நாளிலிருந்து அல்ல. சேர்க்கைக் கடிதத்தையும் தலைப்பு உறுதிக் கடிதத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு பிந்தைய தேதியை நம்பியிருந்து, இறுதியில் திகைத்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். மறுபதிவு தானாக நடப்பதில்லை; கெடு முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக்காலம் முழுவதிலும் 240 நாட்கள் வரை பெண்களுக்கு வழங்கலாம் என்றும் விதி கூறுகிறது.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் 'கணினி அறிவியலும் பயன்பாடுகளும்' என்ற பாடத்தை எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாயும், முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்டால் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். இந்தத் தொகை மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கே கிடைக்கும். ஆறாம் ஆண்டுக்கான செலவை ஆய்வாளர் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்வது நல்லது. 2024 ஜூன் முதல், ஜேஆர்எஃப் தகுதி கிடைக்காதவர்களும் தங்கள் நெட் மதிப்பெண்ணைக் கொண்டு முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம்; அவர்களுக்கு அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும்.

கணினித் துறை ஆய்வாளர்கள் மிக அதிகமாகக் குறைபட்டுக்கொள்வது ஆய்வக வேலையைப் பற்றித்தான். காலையில் இளங்கலை மாணவர்களுக்கு சி நிரல் ஆய்வகம், மாலையில் செயல்முறைப் பதிவேடு திருத்தம், இடையில் துறையின் இணையதளப் பராமரிப்பு என்று வாரம் ஓடிவிடுகிறது. கற்பித்தல் பயிற்சி ஆய்வாளருக்குத் தேவை என்பதை விதி ஏற்கிறது. ஆனால் பயிற்சி வகுப்பு, ஆய்வகம், மதிப்பீடு ஆகியவற்றுக்கான உதவிப் பணியை வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் என்றே குறிப்பிடுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்ற அறிக்கை தர வேண்டியிருப்பதால், செய்த வேலைகளையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் தேதியிட்டுக் குறித்து வைத்திருப்பவரால் அங்கே தன் நிலையைத் தெளிவாக எடுத்துரைக்க முடியும். முன்னேற்றம் போதாது என்று குழு கருதினால், காரணங்களைப் பதிவு செய்து திருத்த வழிகளையும் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் பதிவை நீக்கப் பரிந்துரைக்க இயலாது.

ஆய்வேடு பிறர் எழுத்துடன் எவ்வளவு ஒத்துப்போகிறது என்னும் ஒப்புமை அளவுக்கு 2018ஆம் ஆண்டின் தனி விதிமுறை பொருந்துகிறது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இருந்தால், திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டுத் தடை. 60க்கு மேல் போனால் பதிவே நீக்கப்படும். மேற்கோள் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, பொதுச் சொற்கள், தரப்படுத்தப்பட்ட குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சூத்திரங்கள் ஒப்புமை அறிக்கையில் வண்ணமிட்டு வந்திருந்தால், அவற்றை நீக்கி மறு அறிக்கை கேட்பது ஆய்வாளரின் உரிமை.

திருமணம் போன்ற காரணங்களால் ஊர் மாறும் பெண் ஆய்வாளர், தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லவும் விதி இடம் தருகிறது. பழைய நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட நிதித் திட்டத்தின் பகுதியாக அந்த ஆய்வு இருக்கக் கூடாது; பழைய நெறியாளருக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் தர வேண்டும். பல ஆண்டுகள் திரட்டிய தரவுத்தொகுப்பும் எழுதிய நிரல்களுமே ஆய்வின் உயிராக இருக்கும் இத்துறையில், இது மிகவும் மதிக்கத்தக்க ஏற்பாடு.

ஆய்வேட்டைக் கொடுத்த பின், நெறியாளரைத் தவிர வெளி நிறுவனங்களைச் சேர்ந்த இரு தேர்வாளர்களாவது அதை மதிப்பிடுவார்கள். வாய்மொழித் தேர்வை இணையவழியாகவும் நடத்தலாம். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இந்த முழு நடைமுறையும் முடிய வேண்டும் என்று விதி பல்கலைக்கழகத்தைப் பணிக்கிறது. அந்தக் காலம் கடந்தும் தகவல் வராவிட்டால், ஆறு மாத வரம்பைக் குறிப்பிட்டு, ஒப்புதல் ரசீதின் நகலை இணைத்து, பதிவாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம்.