கரும்பு நிலத்தில் மரம் நடப்போகிறீர்களா? முதலில் பத்து வருட விதியைப் பாருங்கள்

தென் ஆப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கடற்கரையில், வெருலத்திலிருந்து டொங்காட், ஸ்டாங்கர் வரைக்கும் கரும்பு நின்ற நிலங்களில் இப்போது மக்காடமியா கொட்டை மரமும் அவகாடோவும் வந்துகொண்டிருக்கின்றன. தாத்தா காலத்துத் துண்டு நிலத்தை, பிள்ளைகள் டர்பனுக்கு வேலைக்குப் போனபிறகு சும்மா போட்டுவைத்திருந்த குடும்பங்களும் ஏதாவது மரம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் நாற்றுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அந்த நிலம் கடைசியாக எப்போது பயிர் கண்டது?

காரணம் சட்டம். 1983-ம் ஆண்டின் 43-ம் எண் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டத்தை, அலுவலகத்தில் சுருக்கமாக 'காரா' என்பார்கள். அதன் விதிகளின்படி, கடந்த பத்து வருடத்தில் ஒருமுறைகூடப் பயிரிடப்படாத நிலம் கன்னி நிலம். அதை உழ, வேளாண் துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். உங்கள் பாட்டன் அதில் நாற்பது வருடம் கரும்பு வெட்டியிருக்கலாம், அது கணக்கில் வராது. கடைசிப் பத்து வருடம்தான் கணக்கு.

சுற்றுச்சூழல் விதிகளிலும் இதே பத்து வருடம் வருகிறது. உள்நாட்டுச் செடிகொடி வளர்ந்த நிலத்தில் 1 ஹெக்டேரோ அதற்கு மேலோ அழிப்பதாக இருந்தால் சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவைப்படும், 20 ஹெக்டேரைத் தொட்டால் அது இன்னும் பெரிய மதிப்பீடு, பல்லுயிர் முக்கியத்துவம் உள்ளதென்று குறித்த சில பகுதிகளில் 300 சதுர மீட்டரே போதும். இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "வெறும் உண்ணிச்செடிப் புதர்தானே, வெட்டினால் என்ன?" என்று நினைக்கிறோம். விதியோ, அந்நியச் செடி எவ்வளவு மண்டியிருந்தாலும் சரி, மேல்மண் பத்து வருடமாகச் சட்டப்படி கிளறப்படவில்லை என்றால் அந்த இடத்தை உள்நாட்டுத் தாவரப் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது.

சரி, பத்து வருடத்துக்குள் பயிர் இருந்தது என்பதை எப்படிக் காட்டுவது? மில்லுக்குக் கரும்பு போட்ட ரசீது இருந்தால் நல்லது. அதோடு செயற்கைக்கோள் படமும் இருந்தால் பேச்சு சுலபமாகும். ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசையில் முதல் செயற்கைக்கோள் 2015-ல் விண்ணில் ஏறியது, 2017-ல் இரண்டாவதும் சேர்ந்தபின் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கிறார்கள். கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தைய வருடங்களுக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, அதுவும் இலவசம். கோடையில் நம் கடற்கரை மேகத்தால் மூடிக்கிடக்கும், அதனால் நம் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையுள்ள படங்களை எடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு போதும், தேதியோடு சேமித்துவையுங்கள்.

படத்தில் என்ன தெரியும்? வெட்டிய கரும்பு வயல் நேர் ஓரங்களோடு பழுப்புக் கட்டமாகத் தெரியும், பிறகு பச்சையாகும், அடுத்த வெட்டில் மறுபடி பழுப்பு. வளர்ந்த பழத்தோட்டம் வருடம் முழுக்க ஒரே பச்சை. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் பழத்தோட்ட வரைபடங்களில் எது கரும்பு, எது மரம் என்று பிரிக்கிறார்கள். ஆனால் இளங்கன்று விஷயத்தில் இது ஏமாற்றும். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 8-க்கு 4 மீட்டர் இடைவெளியில் மக்காடமியா நட்டால் ஒரு புள்ளிக்குள் மூன்று கன்றுதான் வரும், மீதி எல்லாம் புல். முதல் சில வருடம் உங்கள் தோட்டம் மேய்ச்சல் நிலம் போலத்தான் படத்தில் கிடக்கும். அதனால் நட்ட தேதி, நாற்று ரசீது, தரையில் நின்று எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

சரிவு இன்னொரு விஷயம். 20 சதவீதத்துக்கு மேல் சரிந்த நிலத்தைப் பயிரிடவும் காரா அனுமதி கேட்கிறது. சதவீதம் வேறு, டிகிரி வேறு. 100 மீட்டர் போனால் 20 மீட்டர் ஏறுவதுதான் 20 சதவீதம், டிகிரியில் அது 11-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். போன் ஆப்பில் 15 டிகிரி என்று பார்த்துவிட்டு, இருபதுக்குக் கீழேதானே என்று இருந்துவிடாதீர்கள், அது கிட்டத்தட்ட 27 சதவீதம். ஓடை இருந்தால் அதன் வெள்ளப் பரப்பிலும் அதிலிருந்து 10 மீட்டருக்குள்ளும் அனுமதியில்லாமல் உழக்கூடாது.

இனி மண். செயற்கைக்கோள் பார்ப்பது மண்ணின் மேல்தோலை மட்டும், அதுவும் பயிர் இல்லாதபோது. வேருக்கு வேண்டியது அடியில் இருக்கிறது. இடுப்பளவு, முடிந்தால் ஒரு மீட்டர் குழி தோண்டிப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பாக, கையில் உதிர்ந்து வந்தால் அது பெரும்பாலும் இங்கே ஹட்டன் என்று வகைப்படுத்தும் மண், அவகாடோவுக்கும் மக்காடமியாவுக்கும் அருமை. சாம்பல் நிற மணலும் அரை மீட்டரிலேயே பாறையும் வந்தால் யோசியுங்கள். அடிமண்ணில் சாம்பலும் துருச்சிவப்பும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது, அவகாடோ வேரழுகலில் போய்விடும். நிலம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, அதனால் படத்தில் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி போடுங்கள். படத்தின் உண்மையான உபயோகம் இதுதான், எங்கே தோண்டவேண்டும் என்று அது காட்டும். மண் மாதிரியை சீடாராவில் உள்ள மாகாண வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் கொடுக்கலாம். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிப் பையில் போடுங்கள்.

மேற்குக் கேப் மாகாணத்தில் ஃப்ரூட்லுக் என்ற சேவையை 2011-ல் மாகாண அரசு பணம் போட்டுத் தொடங்கியது. அதன்மூலம் பழ விவசாயிகள் தங்கள் தோட்டத்தின் வளர்ச்சியையும் நீர்த்தேவையையும் வாராவாரம் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தார்கள். நம் பக்கத்துச் சிறு விவசாயிக்கும் அப்படி ஒன்று வேண்டும், விவசாயிகள் சங்கக் கூட்டங்களில் இதை விடாமல் கேட்கவேண்டும்.

அனுமதி தேவைப்பட்டால் மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். எல்லை குறித்த வரைபடம், வருடவாரியான படங்கள், மில் ரசீதுகள், சரிவுக் கணக்கு, குழிகளின் விவரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ தண்ணீர் பாய்ச்சப்போகிறீர்கள் என்றால் 1998-ம் ஆண்டின் 36-ம் எண் தண்ணீர்ச் சட்டம் தனியாக இருக்கிறது. உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தண்ணீர்த் துறையில் விசாரித்துவிட்டு, அப்புறம் நாற்றுப் பண்ணைக்குப் போங்கள்.